ஜன்னல் கண்ணாடியும் பக்கத்துக் கூரையும்

தலைநகரில் நான் சில ஆண்டுகள் பணிபுரிந்த அலுவலகத்தின் பின்புறத்தில் சைக்கிள்களும் ஸ்கூட்டர்களும் நிறுத்துவதற்கென ஒரு கொட்டகை இருந்தது. அதன் கூரை கரும்பழுப்பு நிற பிளாஸ்டிக் நெளிதகடுகளால் ஆனது. பல கோடைகளை அத்தகடுகள் குறையின்றித் தாங்கி வந்தன. சந்துக்கு அப்பால், கீழ்த்திசையில், முகப்பு முழுவதும் கண்ணாடி பதித்து உட்புறமாகச் சற்றே வளைந்த கட்டிடம் ஒன்று எழும்பியது. அதன் பின் வந்த முதல் கோடையிலேயே கூரையின் நடுவில் நான்கு தகடுகள் இளகித் தொய்ந்தன. தகடுகளின் தரம் குறைவு என்று பராமரிப்புப் பிரிவினர் அவற்றை வழங்கியவருக்குக் கடிதம் எழுதினர். அவரும் மறுப்பின்றிப் புதியன அளித்தார். மறு கோடையில் அவையும் அதே இடத்தில் தொய்ந்தன. ஓரங்களில் இருந்த பழைய தகடுகளோ நேராகவே நின்றன. கோப்பு தடித்துக்கொண்டே போயிற்று.

காரணத்தை அறிந்திருந்தவர் கொட்டகையின் காவலர். பிற்பகல் மூன்றரை மணியளவில் எதிர்க் கட்டிடத்திலிருந்து ஒரு வெளிச்சப் பட்டை இறங்கி வந்து, அந்த நான்கு தகடுகளின் மேல் சிறிது நேரம் தங்கி, பின் நகர்ந்து செல்வதை அவர் நாள்தோறும் கண்டு வந்தார். அந்நேரத்தில் அதனருகே நாற்காலி போடுவதையும் நிறுத்திவிட்டிருந்தார். அவரை யாரும் கேட்கவில்லை.

ஜன்னல்களில் பட்டுத் திரும்பும் வெயில் பக்கத்துக் கூரைகளையும் சுவர்களையும் சேதப்படுத்துவது பல நாடுகளில் பதிவாகியுள்ள நிகழ்ச்சியாகும். நம் நாட்டிலும் குருகிராமம், மும்பை, ஐதராபாத், பெங்களூரு ஆகிய நகரங்களில் கண்ணாடி முகப்புக் கட்டிடங்கள் பெருகியுள்ளன. அவற்றின் காலடியிலேயே தகரம், பிளாஸ்டிக் தகடு, தார்ப்பூச்சு, தார்ப்பாய் ஆகியவற்றைக் கூரையாகக் கொண்ட கடைகளும் குடியிருப்புகளும் உள்ளன. ஆகவே இந்நிகழ்ச்சியின் இயற்பியலையும், அதனுள் அடங்கியுள்ள வரவு செலவுக் கணக்கையும் அறிந்துகொள்வது நகர நிர்வாகத்தில் ஈடுபட்டோருக்குப் பயன் தரும்.

எவ்வளவு வெப்பம் திரும்புகிறது?

தெளிந்த வானில், கதிருக்கு நேராக வைக்கப்பட்ட ஒரு சதுர மீட்டர் பரப்பில் உச்சி வெயில் ஏறத்தாழ 1,000 வாட் ஆற்றலைச் செலுத்துகிறது. ஒரு சாதாரண மின்சார இஸ்திரிப் பெட்டி எடுத்துக்கொள்ளும் மின்சாரத்திற்கு இது சமம். இதில் சாதாரணக் கண்ணாடி திருப்பி அனுப்புவது அதிகமில்லை. நேராக விழும் ஒளியில் கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் நூற்றில் நான்கு பங்கு, இரு பரப்புகளும் சேர்ந்து எட்டுப் பங்கு எதிரொளிக்கின்றன. கதிர்கள் சாய்வாக விழ விழ இந்த அளவு உயர்கிறது. கண்ணாடியை ஒட்டிச் செல்வது போல் மிகவும் சாய்ந்து விழும்போது நூற்றில் நாற்பது பங்கையும் எட்டுகிறது. பழைய கால வீடுகளின் ஜன்னல்கள் எந்தக் கூரையையும் உருக்காமைக்குக் காரணம், அவை சிறியனவாகவும், சுவரில் உள்ளடங்கியும், மேலே வெயில் மறைப்புடனும் இருந்ததோடு, எதிரொளிப்பும் குறைவாக இருந்ததே ஆகும்.

இன்று அலுவலகக் கட்டிடங்களுக்குப் பயன்படும் கண்ணாடி வேறு வகையானது. கண்ணுக்குப் புலப்படாத மெல்லிய வெள்ளிப் படலமோ பிற உலோக ஆக்சைடுகளோ அதன் மேல் படிய வைக்கப்பட்டிருக்கும். வெயிலின் வெப்பம் உள்ளே வராமல் தடுப்பதே இப்பூச்சின் நோக்கம். பளபளப்பாகத் தோன்றும் பூச்சுக் கண்ணாடிகள் விழும் வெயிலில் நூற்றில் இருபது முதல் நாற்பது பங்கு வரை திருப்பி அனுப்புகின்றன. இங்கு ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். சூரிய வெப்பத்தில் ஏறத்தாழ பாதி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களாகவே வருகிறது. வெளிச்சத்தை உள்ளே விட்டு அகச்சிவப்பை மட்டும் திருப்பும் கண்ணாடிகளும் இன்று தாராளமாகக் கிடைக்கின்றன. இவை பார்வைக்கு மினுமினுப்பதில்லை. கண் கூசவில்லை என்பதற்காக வெப்பமும் திரும்பவில்லை என்று முடிவு செய்தல் தவறாகும்.

ஒளி எங்கே விழும்?

செங்குத்தான சமதளக் கண்ணாடியில் பட்ட கதிர், சூரியன் அடிவானிலிருந்து எவ்வளவு உயரக் கோணத்தில் நிற்கிறதோ அதே கோணத்தில் கீழே இறங்கும். ஆகவே எதிரொளி எவ்வளவு தூரம் செல்லும் என்பதைப் பள்ளிக் கணிதத்தைக் கொண்டே அறியலாம். டெல்லியில் ஜூன் மாத நடுப்பகலில் சூரியன் ஏறத்தாழ 85 டிகிரி உயரத்தில் நிற்கிறது. தென்முகச் சுவரில் 30 மீட்டர் உயரத்தில் உள்ள கண்ணாடியிலிருந்து திரும்பும் கதிர் அப்போது சுவரிலிருந்து மூன்று மீட்டருக்குள்ளேயே தரையில் விழுந்துவிடும். டிசம்பர் நடுப்பகலில் உயரம் 38 டிகிரியாகக் குறைவதால் அதே கதிர் 38 மீட்டர் தூரம் சென்று விழும். கோடையில் அஞ்ச வேண்டியவை கிழக்கு, மேற்கு முகப்புகளே. காலையிலும் பிற்பகலிலும் சூரியன் 45 டிகிரி அளவில் நிற்கும்போது, கட்டிடம் எவ்வளவு உயரமோ அவ்வளவு தூரத்திற்கு எதிரொளி பாயும். பெங்களூரு போன்ற தென்னக நகரங்களில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்டு நடுப்பகுதி வரை நடுப்பகல் சூரியன் தலைக்கு வடக்கே செல்கிறது. எனவே அங்கு வடக்குச் சுவரும் இக்கணக்கிலிருந்து விலக்குப் பெறுவதில்லை.

ஒரே ஒரு சமதளக் கண்ணாடியின் எதிரொளி, நேர் வெயிலோடு அதன் கால் பங்கையோ மூன்றில் ஒரு பங்கையோ மட்டுமே கூட்டுகிறது. பல கண்ணாடிகளின் ஒளி ஓரிடத்தில் ஒன்றன் மேல் ஒன்றாக விழும்போதுதான் தீங்கு தொடங்குகிறது. கட்டிடத்தின் முகப்பே உட்புறமாக வளைந்திருந்தால் அது ஒரு மாபெரும் குழியாடியாகிவிடும். லண்டனில் பென்சர்ச் தெருவின் 20 ஆம் எண் கொண்ட 37 மாடிக் கட்டிடம் இதற்கு உலகறிந்த சான்று. கட்டுமானம் முடிவடையும் நிலையில், 2013 ஆம் ஆண்டு ஆகஸ்டு கடைசியிலும் செப்டம்பர் தொடக்கத்திலும் அதன் வளைந்த தென்முகப்பு, எதிரே உள்ள தெருவில் வெயிலைக் குவித்தது. அங்கு நிறுத்தப்பட்டிருந்த ஒரு காரின் பிளாஸ்டிக் பாகங்கள் உருகின. ஒரு கடையின் வாயில் விரிப்பு கருகியது. பத்திரிகையாளர் ஒருவர் அவ்வொளியில் முட்டை பொரித்துக் காட்டினார். லண்டனின் வெயில் நம் மார்கழி வெயிலுக்கு மேற்பட்டதன்று என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம், ஆண்டில் இரண்டு மூன்று வாரங்கள் மட்டுமே நேரும் நிகழ்ச்சி இது. அதற்காக முதலில் தெருவோரம் மறைப்பு வலையும், 2014 இல் முகப்பின் குறுக்கே நிலையான வெயில் தடுப்புப் பட்டைகளும் அமைக்க நேர்ந்தது. அக்கட்டிடத்தை வடிவமைத்த ரபேல் வினோலியின் மற்றொரு படைப்பான லாஸ் வேகாஸ் நகரத்து வடாரா ஓட்டலிலும், 2010 இல் நீச்சல் குளத்தருகே இருந்த பிளாஸ்டிக் பை உருகியதாகச் செய்தி வெளிவந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

குழியாகும் கண்ணாடி

முகப்பு நேராக இருந்தாலும் ஒவ்வொரு ஜன்னலும் தனித்தனியே குழியாடியாக மாறுவதுண்டு. இதுவே பொதுவாக அறியப்படாத செய்தி. குளிர்பதனச் செலவைக் குறைக்க இப்போது இரட்டைக் கண்ணாடி ஜன்னல்கள் பொருத்தப்படுகின்றன. இரு கண்ணாடிகளுக்கு இடையே காற்றோ ஆர்கான் வாயுவோ அடைக்கப்பட்டு, விளிம்புகள் மூடப்பட்டிருக்கும். தொழிற்சாலையில் 30 டிகிரி வெப்பநிலையில் அடைக்கப்பட்ட வாயு, குளிர்காலக் காலையில் 10 டிகிரிக்கு வரும்போது, வாயு விதிப்படி ஏறத்தாழ ஏழு சதவீதம் சுருங்க முற்படுகிறது. வெளிக்காற்றின் அழுத்தம் இரு கண்ணாடிகளையும் நடுவில் உள்ளே அழுத்துகிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வெளிக்கண்ணாடி குழியாடியாகிவிடுகிறது. உயரமான ஊரில் அடைக்கப்பட்ட ஜன்னலைக் கடற்கரை நகரத்திற்குக் கொண்டு வந்தாலும் இதுவே நேரும். பெங்களூரு கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால், அங்குள்ள காற்றழுத்தம் கடற்கரையை விட ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைவு. இடைவெளியின் அழுத்தத்தைச் சரி செய்யாமல் அனுப்பினால் கண்ணாடி உள்வாங்கியே பொருந்தும்.

ஒரு மீட்டர் அகலமுள்ள கண்ணாடி நடுவில் ஐந்து மில்லிமீட்டர் உள்வாங்கினால் அதன் வளைவு ஆரம் 25 மீட்டர். குவியத் தொலைவு அதில் பாதி, அதாவது பன்னிரண்டரை மீட்டர். இரண்டு மில்லிமீட்டர் மட்டும் உள்வாங்கினால் குவியத் தொலைவு 31 மீட்டராகும். இத்தூரங்கள் நம் நகரங்களின் சந்துகளின் அகலமும் தெருக்களின் அகலமுமாக அமைந்திருப்பதே துன்பம். கண்ணாடி முழுமையான கோளப்பரப்பாக வளைவதில்லையாதலால், ஒளி ஒரு புள்ளியில் குவியாமல் எதிர்ச் சுவரில் வட்டமாகவோ சிலுவை போலவோ பரவி விழும். மாலையில் வீடு திரும்பும்போது எதிர்ச் சுவர்களில் வரிசை வரிசையாக இவ்வடிவங்களை வாசகர்கள் பார்த்திருக்கக்கூடும். வடிவம் சிறுத்துக் கூர்மையாகும் இடத்தில் வெப்பம் பல மடங்கு ஆகும்.

அமெரிக்காவில் வீட்டுச் சுவர்களின் மேல் வினைல் பலகைகள் பதிக்கும் வழக்கம் பரவலானது. அப்பலகைகள் 70 முதல் 75 டிகிரி வெப்பத்தில் இளகத் தொடங்கும். பூச்சிட்ட இரட்டைக் கண்ணாடி ஜன்னல்கள் அங்குப் பரவிய பின், பக்கத்து வீட்டு ஜன்னலுக்கு எதிரே உள்ள பலகைகள் மட்டும் கோணலாகச் சுருங்கும் புகார்கள் பெருகின. எதிரொளியால் நேரும் சேதத்தைப் பல பலகை உற்பத்தியாளர்கள் தங்கள் உத்தரவாதத்திலிருந்து வெளிப்படையாகவே நீக்கிவிட்டனர். தட்டையான கூரைகளின் மேல் விரிக்கப்படும் செயற்கைப் படலங்களும், மேலெழும் சுவரில் ஜன்னல்கள் உள்ள பக்கத்தில் மட்டும் முன்னதாகவே முதுமையடைந்து வெடிப்பது அங்கே காணப்பட்டுள்ளது.

கூரைக்கு நேர்வது

நம் கோடையில் கூரைகள் ஏற்கெனவே தம் எல்லையை நெருங்கி நிற்கின்றன. காற்று 42 டிகிரியில் இருக்கும் பிற்பகலில், கரிய நிறக் கூரையின் மேற்பரப்பு 70 டிகிரியை எளிதில் எட்டும். அதாவது வெயில் அதனைக் காற்றை விட 28 டிகிரி உயர்த்தியுள்ளது. கால் பங்கு வெயிலைத் திருப்பும் மூன்று கண்ணாடிகளின் ஒளி அதே இடத்தில் சேர்ந்தால், கூரை பெறும் வெப்பம் முக்கால் பங்கு கூடுகிறது. சூடு ஏற ஏற வெப்ப இழப்பும் கூடுவதற்குக் கழிவு கொடுத்தாலும், மேற்பரப்பு 85 டிகிரியைத் தாண்டிவிடும் என்று தோராயமாகக் கணிக்கலாம்.

இந்த 85 என்னும் எண்ணைப் பொறியாளர்கள் நன்கறிவர். கூரைகளில் நீர்க்கசிவைத் தடுக்க நம் நாட்டில் பயன்படும் தொழில்முறைத் தாரின் ஒரு வகை '85/25' எனக் குறிக்கப்படுகிறது; அதில் 85 என்பது அத்தார் இளகும் வெப்பநிலை. அவ்வெப்பத்தை நெருங்கும்போது தார் சரிவை நோக்கி நகர்கிறது, பட்டைகளின் இணைப்புகள் பிரிகின்றன. கூரைத் தகடுகளும் மழைநீர்க் குழாய்களும் செய்யப் பயன்படும் பி.வி.சி. ஏறத்தாழ 80 டிகிரியில் விறைப்பை இழக்கிறது. தார்ப்பாய்களின் பாலிஎதிலீன் உருகுவதற்கு 100 டிகிரிக்கு மேல் வேண்டுமெனினும், அதற்கு முன்பே நலிந்து கிழிகிறது.

உருகுதலை விட மெதுவாக நிகழும் சேதமே பெரிது எனக் கருதுகிறேன். வேதிவினைகளின் வேகம் ஒவ்வொரு 10 டிகிரி உயர்வுக்கும் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது பாடநூல் விதி. தாரும் பிளாஸ்டிக்கும் முதுமையடைவது ஆக்சிஜனோடு நிகழும் வேதிவினையே. ஆகவே நாள்தோறும் ஒரு மணி நேரம் கூடுதலாக 15 டிகிரி பெறும் பகுதி, பிற பகுதிகளுக்கு முன்பே வறண்டு வெடிக்கும். மேலும் எதிரொளி ஒரு பட்டையாக நகர்வதால், கூரையின் ஒரு பகுதி விரிய, அடுத்த பகுதி விரியாமல் நிற்கும். மூன்று மீட்டர் நீளமுள்ள பாலிகார்பனேட் தகடு 40 டிகிரி உயர்வில் எட்டு மில்லிமீட்டர் அளவு நீளும். அதே நீள இரும்புத் தகடு ஒன்றரை மில்லிமீட்டர்தான் நீளும். இரும்புச் சட்டத்தில் முடுக்கிய பிளாஸ்டிக் தகட்டின் ஆணித்துளைகள் கிழிவது இதனாலேயே. கிழிந்தது தெரிய வருவது முதல் மழையில். அப்போது வெயிலை யாரும் சந்தேகிப்பதில்லை.

யார் கணக்கில் செலவு?

பொருளாதாரம் பயின்ற எவருக்கும் இங்கே பழகிய ஒன்று தென்படும். பூச்சுக் கண்ணாடியால் மின்சாரச் செலவு குறைவது கட்டிட உரிமையாளரின் கணக்கில் வரவாகிறது. அக்கண்ணாடி வெளியே தள்ளிய வெப்பத்தின் செலவு பக்கத்துக் கூரையின் கீழ் இருப்பவரின் கணக்கில் எழுதப்படுகிறது. பேராசிரியர் பிகு 1920 இல் வெளியிட்ட நூலில் விவரித்த புறவிளைவு என்பது இதுவே. ஆலைப் புகைக்குப் பதிலாக இங்கே வெயில்.

ரொனால்டு கோஸ் 1960 இல் எழுதிய கட்டுரையில் வேறொரு கோணத்தைக் காட்டினார். தீங்கு இரு தரப்பையும் சார்ந்தது. உரிமை யாருடையது என்பது தெளிவாகி, பேச்சு வார்த்தைக்குச் செலவும் இல்லையெனில், குறைந்த செலவில் சரி செய்யக்கூடியவர் சரி செய்வார் என்பது அவர் வாதம். டல்லஸ் நகரில் இவ்வாதத்திற்கு நேரடிச் சோதனை ஏற்பட்டது. ரென்சோ பியானோ வடிவமைத்து 2003 இல் திறக்கப்பட்ட நாஷர் சிற்பக் காட்சியகத்தின் கண்ணாடிக் கூரையில், வடதிசை ஒளி மட்டும் நுழையும்படி மறைப்புகள் அமைந்துள்ளன. பத்தாண்டு கழித்து அதன் வடக்கே எழுந்த 42 மாடி மியூசியம் டவரின் கண்ணாடிகள், அதே வடதிசையிலிருந்து நேர் வெயிலை அக்கூரைக்குள் செலுத்தின. கோபுரத்திற்குத் தடுப்புப் பட்டைகள் வேண்டும் என்றது காட்சியகம். கூரையின் மறைப்புகளை மாற்றிக்கொள்ளலாம் என்றனர் கோபுரத்தார். கோபுரத்தின் உரிமையாளர் நகரக் காவலர், தீயணைப்போரின் ஓய்வூதிய நிதி. எனவே எந்தப் பக்கம் தீர்ந்தாலும் செலவு ஒரு பொது நோக்கத்தைத் தொடுவதாயிற்று. புகழும் வழக்கறிஞர்களும் உடைய இரு நிறுவனங்களுக்கே ஆண்டுக்கணக்கில் உடன்பாடு எட்டவில்லை எனில், நம் நகரத்தில் ஒரு தேநீர்க் கடைக்காரர் பன்னாட்டு நிறுவனத்தின் கட்டிட மேலாளருடன் பேரம் பேசித் தீர்வு காண்பார் என்று எதிர்பார்க்க இயலாது. அவர் செய்யக்கூடியது தார்ப்பாயை மாற்றுவதே.

நம் நாட்டில் 2001 ஆம் ஆண்டின் எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தின் கீழ் 2007 இல் கட்டிட விதித்தொகுப்பு ஒன்று வெளியிடப்பட்டு, 2017 இல் திருத்தப்பட்டது. நோக்கத்தில் குறை காண எதுவுமில்லை. ஆயின் கண்ணாடியைப் பொறுத்தவரை அது முதன்மையாகக் கணக்கிடுபவை மூன்று: கண்ணாடி வழியே கடத்தப்படும் வெப்பம், உள்ளே ஏற்கப்படும் சூரிய வெப்பத்தின் பங்கு, உள்ளே வரும் வெளிச்சத்தின் பங்கு. மூன்றும் கட்டிடத்தின் உட்புறத்தை நோக்கிய அளவுகள். உள்ளே ஏற்கப்படும் பங்கு நூற்றுக்கு 25 என்றால், எஞ்சிய 75 பங்கும் எதிரொளியாகவோ சூடான காற்றாகவோ வெளியேதான் செல்கிறது. சிங்கப்பூரும் சிட்னி நகரமும் முகப்புக் கண்ணாடியின் ஒளி எதிரொளிப்பு 20 சதவீதத்தை மிஞ்சலாகாது என வரம்பு கட்டியுள்ளன. இது பயனுள்ள தொடக்கமே. எனினும் வெளிச்சத்தை மட்டும் அளக்கும் வரம்பு கண்கூச்சத்தைத் தடுக்குமேயன்றி, அகச்சிவப்பு வெப்பத்தை முழுமையாகத் தடுக்காது. கண்ணாடி உற்பத்தியாளர்கள் வெளிப்புறச் சூரிய வெப்ப எதிரொளிப்பையும் தம் அட்டவணைகளில் தருகின்றனர். வரைபட அனுமதிக்கான விண்ணப்பத்தில் அந்த எண்ணையும் கேட்டு வாங்குவதற்குப் புதிய செலவு ஏதுமில்லை. முகப்பு உட்புறம் வளைந்திருந்தால், ஆண்டின் எந்நாளில் எந்நேரத்தில் ஒளி எங்கே சேரும் என்ற கணக்கையும் உடன் கேட்கலாம். கணிப்பொறியில் இது ஒரு நாள் வேலை.

தீர்வுகளும் நமக்குப் புதியனவல்ல. வெயில் கண்ணாடியை அடையாவிட்டால் எதிரொளியும் இல்லை. சண்டிகரில் 1950 களில் லெ கார்புசியே தலைமைச் செயலகத்தின் முகப்பில் அமைத்த ஆழ்ந்த கான்கிரீட் மறைப்புகளும், நம் கொத்தனார்கள் ஜன்னலுக்கு மேல் இயல்பாகவே வைக்கும் வெயில் மறைப்புப் பலகையும் அதைத்தான் செய்கின்றன. கட்டி முடித்த கட்டிடத்தில் கண்ணாடிக்கு வெளியே வலை பொருத்துவதும் எதிரொளியைக் கணிசமாகக் குறைக்கும். பாதிக்கப்பட்டவர் தம் பக்கத்தில் செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. கரும்பரப்பு வெயிலில் நூற்றில் 90 பங்கை ஏற்க, சுத்தமான வெள்ளைப் பூச்சு 20, 30 பங்கையே ஏற்கும். தெலுங்கானா மாநிலம் 2023 இல் குளிர்கூரைகளுக்கெனக் கொள்கையொன்றை வகுத்துள்ளது. வீட்டின் உள்வெப்பத்தைக் குறைக்க வகுக்கப்பட்ட அத்தகைய திட்டங்கள் எதிரொளிக்கும் ஓரளவு காப்பாகும். ஆனால் புழுதி படியும் ஊரில் வெண்மை நிலைக்க ஆண்டுதோறும் பூச வேண்டும். அச்செலவும் கூரைக்காரருடையதே.

எங்கள் கொட்டகைக்கு மூன்றாம் ஆண்டில் இரும்புத் தகடு போட்டு வெள்ளை அடித்தோம். எதிர்க் கட்டிடத்தாருக்கு எழுதிய கடிதத்திற்கு, தாங்கள் பயன்படுத்திய கண்ணாடி உரிய விதிகளுக்கு முற்றிலும் உட்பட்டது என்று பதில் வந்தது. அது உண்மைதான். தகட்டின் விலையும் கூலியும் எங்கள் பராமரிப்புத் தலைப்பில் எழுதப்பட்டு, கோப்பு முடிக்கப்பட்டது. காவலர் தம் நாற்காலியை மட்டும் இன்னும் மூன்றரை மணிக்கு நகர்த்திப் போட்டுக்கொண்டுதான் இருந்தார்.